பத்து நிமிடம் முந்தி வந்த விமானம்

ஓடுபாதையின் கதை – பகுதி 7

டெனரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் மாண்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். அது 1977 மார்ச் 27. அதன்பின் விமானிகளும் கோபுரத்தில் இருப்பவர்களும் ரேடியோவில் பேசிக்கொள்ளும் முறையே மாறியது. எந்தச் சொல்லை எப்போது சொல்லலாம், எப்போது சொல்லக் கூடாது என்று வரையறுத்தார்கள். எல்லாருடைய கவனமும் ஒரு விமானம் இன்னொரு விமானத்தின் வழியில் வந்துவிடக் கூடாது என்பதிலேயே இருந்தது.

ஆனால் ஓடுபாதை விமானங்களுக்கு மட்டுமான இடமாக ஒருநாளும் இருந்ததில்லை. எரியாத விளக்கை மாற்ற ஒரு வேன் வரும். பறவை விரட்ட ஜீப் வரும். சக்கரங்கள் தேய்த்துவிட்டுப் போன ரப்பர் படிவைச் சுரண்ட லாரி வரும். ஓரத்தில் புல் வெட்டும் டிராக்டர், குளிர்நாடுகளில் பனி தள்ளும் வண்டி, எங்கும் எப்போதும் தீயணைப்பு வண்டி. இவற்றை ஓட்டுபவர்களின் பெயர் எந்தப் பயணச் சீட்டிலும் இல்லை. ஆனால் அவர்கள் வேலை செய்யாவிட்டால் ஒரு விமானமும் பாதுகாப்பாக இறங்க முடியாது. விமான வரலாறு எழுதியவர்கள் இவர்களை அதிகம் கவனித்ததில்லை. இந்தப் பகுதி இவர்களைப் பற்றியது.

டெனரிஃப் நடந்து ஓராண்டு முடிவதற்குள், கனடாவின் மேற்கே ஒரு சிறு மலை ஊரில் அடுத்த பாடம் காத்திருந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், ராக்கி மலைகளை ஒட்டிய நீண்ட பள்ளத்தாக்கில் இருக்கிறது கிரான்புரூக். 1978 பிப்ரவரி 11 அன்று அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. பார்வைத் தூரம் ஒரு மைலுக்கும் குறைவு. ஓடுபாதையில் பனி சேரச் சேர அதை ஒருவர் வண்டியில் சென்று அகற்றிக்கொண்டிருந்தார். பனி கிடந்தால் சக்கரம் வழுக்கும், பிரேக் பிடிக்காது. வரப்போகும் விமானத்தின் நலனுக்காகத்தான் அவர் அங்கே இருந்தார்.

வரவேண்டியது பசிபிக் வெஸ்டர்ன் நிறுவனத்தின் 314ஆம் எண் விமானம். போயிங் 737, பழைய 200 வகை. கால்கரியிலிருந்து நண்பகல் 12.32க்குக் கிளம்பியது. பயணிகள் 44, ஊழியர்கள் 5. கிரான்புரூக்கில் கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ஒரு வானொலி நிலையம் மட்டும் இருந்தது. அங்கே இருப்பவர் வானிலை சொல்லலாம், ஓடுபாதையின் நிலையைச் சொல்லலாம், யார் வருகிறார்கள் என்று சொல்லலாம். இறங்கு, இறங்காதே என்று ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை.

விமானம் எப்போது வரும் என்பதைக் கால்கரிக் கட்டுப்பாட்டு மையம் கணக்கிட்டு அவருக்குத் தெரிவித்தது. 1.05 மணி. அவர் அதையே பனி அகற்றுபவருக்குச் சொன்னார். வண்டியில் இருந்தவருக்கு அந்த எண்தான் எல்லாம். 1.05க்குச் சற்று முன்னால் பாதையை விட்டு வெளியேறிவிட வேண்டும். அதுவரை வேலை பார்க்கலாம்.

அந்தக் கணக்கு தவறு. விமானம் பத்து நிமிடம் முந்தி வந்துகொண்டிருந்தது.

தவறைக் கண்டுபிடிக்க ஒரு வாய்ப்பு இருந்தது. கிரான்புரூக்கை நெருங்கும் வழியில் ஸ்கூக்கம் என்ற ரேடியோ வழிகாட்டி நிலையம் உண்டு. அதைக் கடக்கும்போது 'கடந்துவிட்டோம், இறங்க வருகிறோம்' என்று வானொலி நிலையத்துக்குச் சொல்வது அங்கே விமானிகளின் வழக்கம். அந்த ஒரு வரி கேட்டிருந்தால், நிலையத்தில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு வண்டிக்காரரை விரட்டியிருப்பார். அன்று அந்த வரி வரவில்லை. வழக்கம் என்றுதான் சொல்ல முடியும். கட்டாயம் என்று எந்த விதியும் தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. ஓடுபாதையில் பனி அகற்றும் வேலை நடக்கிறது என்ற செய்தி விமானிகளுக்கு முன்பே ரேடியோவில் சொல்லப்பட்டிருந்தது. நாங்கள் வருவது கீழே தெரியும், அதற்குள் வண்டி விலகிவிடும் என்று அவர்கள் நம்பியிருக்க வேண்டும். வண்டியில் இருந்தவர் 1.05ஐ நம்பினார். இருவரும் ஒரே நிலப்பட்டையை நோக்கி இரண்டு வேறு நேரங்களோடு வந்தார்கள்.

12.55க்கு விமானத்தின் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஓடுபாதை தொடங்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 800 அடியில். தொட்டவுடன், பெரும்பாலான ஜெட் விமானங்களில் செய்வதுபோல, விமானிகள் என்ஜின்களின் எதிர்விசையை இயக்கினார்கள். பனிக்கு நடுவே முன்னால் வண்டி தெரிந்தது.

அவர்களுக்கு யோசிக்க நேரமில்லை. எதிர்விசையை ரத்து செய்து, முழு விசை கொடுத்து மறுபடியும் மேலே எழுப்பினார்கள். 2,000 அடிக் குறிக்கு முன்பே விமானம் தரையை விட்டது. 50 முதல் 70 அடி உயரத்தில் வண்டிக்கு மேலாகக் கடந்தது. வண்டியில் இருந்தவர் பிழைத்தார். மோதல் நடக்கவே இல்லை. இந்த விபத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். அந்த விமானிகள் ஒரு மனிதரின் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். அதன் விலை அடுத்த சில நொடிகளில் வந்தது.

737இன் 200 வகையில் என்ஜினின் பின்புறம் இரண்டு பெரிய கதவுகள் உண்டு. தரையிறங்கியதும் ஹைட்ராலிக் அழுத்தத்தால் அவை என்ஜின் வாய்க்குக் குறுக்கே விரிந்து, பின்னால் போகும் காற்றை முன்பக்கம் திருப்பிவிடும். அதுதான் எதிர்விசை. வானத்தில் இந்தக் கதவுகள் தவறிப்போய்த் திறந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பாதுகாப்பு வைத்திருந்தார்கள்: சக்கரம் தரையை விட்டதும் அந்தக் கதவுகளுக்குப் போகும் ஹைட்ராலிக் அழுத்தம் தானாக நின்றுவிடும். நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. ஆனால் கதவு பாதி மூடிக்கொண்டிருக்கும் நேரத்திலேயே விமானம் எழும்பினால் என்ன ஆகும்? இடது என்ஜினில் அதுதான் ஆயிற்று. கதவு முழுதாக மூடிப் பூட்டிக்கொள்ளும் முன் அழுத்தம் போய்விட்டது. காற்று அதைப் பிடித்து மறுபடியும் விரித்தது. குறைந்த வேகம், இறக்கைகளில் விரிந்த மடிப்புகள், ஒரு பக்கம் முன்னே தள்ளும் என்ஜின், மறுபக்கம் பின்னே இழுக்கும் என்ஜின். 300, 400 அடி வரை ஏறிய விமானம் இடப்புறமாகச் சாய்ந்து ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. 49 பேரில் 42 பேர் இறந்தார்கள்.

இன்று ஜெட் விமானிகளின் கையேடுகளில் ஒரு விதி அழுத்தமாக இருக்கும்: எதிர்விசையை இயக்கிவிட்டால் நின்றே ஆக வேண்டும், மறுபடியும் எழும்பக் கூடாது. 1978இல் அதன் ஆபத்தை விமானிகளுக்குப் போதுமான அளவு சொல்லியிருக்கவில்லை என்று கனடிய விசாரணை கண்டது. கால்கரியின் நேரக் கணக்குப் பெருமளவு தவறாக இருந்ததையும், இடத்தைத் தெரிவிப்பதற்கான விதிகள் போதாமல் இருந்ததையும் அது பதிவு செய்தது.

அறிக்கையைப் படித்தால் பொறியியல் பகுதிதான் நீளமாக மனத்தில் நிற்கும். கதவு, அழுத்தம், பூட்டு. அதெல்லாம் முக்கியம்தான். ஆனால் என் மனத்துக்கு முதலில் படுவது வேறு. வண்டி ஓட்டியவருக்கு விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மூன்றாவது வாயிலிருந்து வந்தது. கால்கரி சொல்லி, வானொலி நிலையம் கேட்டு, அது அவருக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சங்கிலியில் முதல் கண்ணி தவறினால் அவருக்குத் தெரிய வழியே இல்லை. பாதையின் நடுவில், பனியில், எதிரே வரும் 737ஐ விட யாருக்கு அதிக ஆபத்தோ அவருக்குத்தான் மிகக் குறைவாகச் சொல்லப்பட்டிருந்தது. இந்தத் தொடரில் இனி வரும் பல சம்பவங்களிலும் இதே குறையைப் பார்க்கப் போகிறோம்.

அடுத்த ஆண்டே மெக்சிகோ சிட்டியில், 1979 அக்டோபர் 31 அதிகாலையில், வெஸ்டர்ன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று மூடுபனியில் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்ட ஓடுபாதையில் இறங்கி, அங்கே மண் ஏற்றி நின்ற லாரியின் மீது மோதியது. விமானத்தில் 72 பேரும் தரையில் ஒருவரும் இறந்தார்கள். பக்கத்திலேயே இணையாக இருந்த மற்றொரு ஓடுபாதையில்தான் அது இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கதை வழி தவறும் விமானங்களின் கதை. அதற்குத் தனி இடம் உண்டு.

இப்போது சைபீரியாவுக்குப் போவோம்.

1984 அக்டோபர் 11. ஓம்ஸ்க் விமான நிலையம். விடியாத இருட்டு, சாரல் மழை, நிலத்தை ஒட்டித் தாழ்ந்த மேகம். கிராஸ்னோதாரிலிருந்து நோவோசிபிர்ஸ்க் போகும் ஏரோஃபிளாட் 3352ஆம் எண் விமானம் வழியில் ஓம்ஸ்கில் இறங்க வேண்டும். டுபொலேவ் 154 வகை விமானம். உள்ளே 170 பயணிகள், 9 ஊழியர்கள்.

மழையில் நனைந்த ஓடுபாதையை உலர்த்த சோவியத் நாட்டில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜெட் என்ஜினை லாரியின் மீது பொருத்தி, அதன் சூடான காற்றைத் தரையில் பாய்ச்சுவார்கள். பனிக்கட்டியும் உருகும், ஈரமும் காயும். அந்த என்ஜினுக்கு எரிபொருள் நிறைய வேண்டும். அன்று ஓடுபாதைக்குப் போன இரண்டு கனரக லாரிகளில் ஏழரை டன் எரிபொருள் இருந்தது. கூடவே ஒரு ஜீப்.

5.20 மணி அளவில் தரைப் பணியாளர்கள் பாதையை உலர்த்தக் கால் மணி நேரம் வேண்டும் என்று அனுமதி கேட்டார்கள். தரைக் கட்டுப்பாட்டில் இருந்த இளைஞர் அனுமதி கொடுத்தார். கொடுத்ததும் அவர் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று: 'ஓடுபாதையில் ஆள் இருக்கிறது' என்று காட்டும் விளக்குப் பலகையை ஏற்றுவது. மற்ற கட்டுப்பாட்டாளர்கள் அதைப் பார்த்துத்தான் விமானங்களுக்கு அனுமதி தருவார்கள். அவர் அதைச் செய்யவில்லை. பிறகு தூங்கிப்போனார். வீட்டில் சிறு குழந்தைகள். பல இரவுகளாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை.

லாரிகளின் மேல் சுழலும் எச்சரிக்கை விளக்குகள் இருந்தன. விதிப்படி அவை எரிய வேண்டும். அன்று அவை எரியவில்லை.

விமானத்தை இறக்கிக்கொண்டிருந்த கட்டுப்பாட்டாளர் பாதை காலியா என்று தரைக் கட்டுப்பாட்டைக் கேட்டார். தெளிவான பதில் வரவில்லை. பலகையில் எச்சரிக்கை இல்லை. காலி என்று எடுத்துக்கொண்டு இறங்க அனுமதி கொடுத்தார். அந்த முடிவைத்தான் என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. பதில் வராதபோது 'இல்லை' என்று கொள்ள வேண்டியதை 'ஆம்' என்று கொண்டார். ஆனால் அவரை அந்த முடிவுக்குத் தள்ளிய ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். ஓடுபாதையில் ஆள் இருப்பதற்கு விளக்கு எரிய வேண்டும், ஆள் இல்லாவிட்டால் எதுவும் எரிய வேண்டாம் என்று அமைத்திருந்தார்கள். அப்படி அமைத்தால், ஒருவர் மறந்தாலும் பலகை 'காலி' என்றே சொல்லும்.

5.41க்கு டுபொலேவ் தரையைத் தொட்டது. கால் மணி நேரம் கேட்டவர்கள் அதற்கு மேலும் பாதையிலேயே இருந்தார்கள். அவர்களை வெளியே அழைக்க வேண்டியவர் தூக்கத்தில் இருந்தார். மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது விமானிகள் எதிரே வண்டிகளைக் கண்டு திருப்பப் பார்த்தார்கள். முடியவில்லை. எரிபொருள் நிரம்பிய லாரிகளோடு மோதி விமானம் தீப்பிடித்துச் சிதறியது. முன்பகுதி தனியாகப் பிரிந்து போனதால் விமானி அறையில் இருந்த நால்வரும் உயிர் பிழைத்தார்கள். பயணிகளில் ஒருவர் மட்டுமே பிழைத்தார். விமானத்தில் 174 பேர், தரையில் 4 பணியாளர்கள், ஆக 178 பேர் இறந்தார்கள். ரஷ்ய மண்ணில் நடந்த விமான விபத்துகளில் இவ்வளவு உயிர்களைக் கொண்டுபோனது வேறு இல்லை. சோவியத் செய்தித்தாள்கள் அதைப் பற்றி எழுதவில்லை. நாட்டு மக்களில் பெரும்பாலோருக்கு அது தெரிய வந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான்.

தூங்கிய இளைஞருக்கு நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. பொறுப்பிலிருந்த வேறு சிலரும் தண்டிக்கப்பட்டார்கள். அந்த இளைஞர் சிறையிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் செய்தது பெரும் பிழை, சந்தேகமில்லை. ஆனால் இரவு வேலையில் ஒரு மனிதர் கண்ணயர்வது என்றோ ஒருநாள் நடக்கத்தான் செய்யும். ஒரே ஒருவரின் விழிப்பை நம்பி மூன்று வண்டிகளையும் 179 பேரையும் ஒரே பாதையில் விட்டதுதான் எனக்குப் பெரிய குற்றமாகத் தெரிகிறது. இங்கேயும் லாரிக்காரர்களின் கையில் அனுமதி இருந்தது. விமானம் வருகிறது என்ற செய்தி மட்டும் அவர்களை எட்டவில்லை.

கிரான்புரூக்கிலும் ஓம்ஸ்கிலும் வண்டி ஓட்டியவர்கள் விமான நிலையத்தின் ஆட்கள். அவர்களுக்கு ஒரு நேரமோ ஓர் அனுமதியோ கொடுக்கப்பட்டது. விமானம் என்ற ஒன்று வரும் என்பதே சொல்லப்படாத ஒரு லாரி ஓட்டுநரும் இந்த வரலாற்றில் இருக்கிறார். அது நம் நாட்டில்.

மகாராஷ்டிராவின் ஔரங்காபாத், சிக்கல்தானா விமான நிலையம். 1993 ஏப்ரல் 26, கோடை மதியம். டெல்லியிலிருந்து ஜெய்ப்பூர், உதய்ப்பூர் வழியாக வந்த இந்தியன் ஏர்லைன்ஸின் ஐசி 491, மும்பைக்குக் கிளம்பியது. இதுவும் ஒரு போயிங் 737தான். 112 பயணிகள், 6 ஊழியர்கள், முழுப் பாரம். வெயிலில் காற்று அடர்த்தி குறையும்; அடர்த்தி குறைந்தால் இறக்கைக்குத் தூக்கும் வலு குறையும்; விமானம் எழும்ப நீண்ட ஓட்டம் வேண்டும். விமானம் ஏறக்குறைய பாதையின் கடைசி வரை ஓடித்தான் எழும்பியது.

அந்தக் கடைசிக்கு அப்பால், குறுக்கே பொதுச்சாலை. பீட் செல்லும் சாலை. அழுத்திக் கட்டிய பருத்திப் பொதிகளை ஏற்றிய லாரி ஒன்று அப்போது அதில் போய்க்கொண்டிருந்தது. ஓடுபாதையின் முடிவிலிருந்து 410 அடி தூரத்தில், சாலையிலிருந்து ஏழடி உயரத்தில், விமானத்தின் இடது சக்கரத் தொகுதியும் இடது என்ஜினின் அடிப்பகுதியும் லாரியில் இடித்தன. அடிபட்ட விமானம் இன்னும் சிறிது தூரம் பறந்தது. ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் தள்ளி உயரழுத்த மின்கம்பிகளில் சிக்கி விழுந்தது. 55 பேர் இறந்தார்கள். 63 பேர் உயிர் பிழைத்தார்கள்.

விசாரணை இரண்டு காரணங்களைச் சொன்னது. விமானிகள் தாமதமாக, தவறான முறையில் மூக்கை உயர்த்தினார்கள் என்பது ஒன்று. விமானங்கள் வந்துபோகும் நேரத்தில் பீட் சாலையின் போக்குவரத்தை அன்றைய தேசிய விமான நிலைய ஆணையம் ஒழுங்குபடுத்தத் தவறியது என்பது இரண்டாவது. நம் ஊர்ப் பேச்சில் முதல் காரணம் நிலைத்துவிட்டது, இரண்டாவது மறந்துபோனது. அதை மறக்கக் கூடாது. சாலையில் போன ஓட்டுநர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார். எழும்பத் திணறும் விமானம் ஒன்று தன் தலைக்கு மேல் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் ஏற்பாடே இல்லை. ஒரு தடுப்புக் கம்பும், அதை இறக்க ஓர் ஆளும், கோபுரத்திலிருந்து அவருக்கு ஒரு தொலைபேசியும் இருந்தால் போதும். ரயில்வே கேட்டில் நாம் நூறாண்டுக்கு மேலாகச் செய்து பழகியதுதான் அது.

செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜிப்ரால்டரில் ஓடுபாதையையே பொதுச்சாலை குறுக்கே வெட்டிச் சென்றது. ஸ்பெயின் எல்லைக்குப் போகும் கார்களும் பேருந்துகளும் ஒவ்வொரு விமானத்துக்கும் தடுப்பின் முன் நின்று வழிவிட்டன. 2023 மார்ச்சில் சுரங்கச் சாலை திறக்கும் வரை பல பத்தாண்டுகள் அப்படித்தான் நடந்தது. சாலையில் போகிறவனுக்கும் விமானம் வருவது தெரிய வேண்டும் என்று அங்கே முடிவு செய்திருந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வண்டிகளின் பிரச்சினை உலக விதிகளில் உரிய இடத்தைப் பெறக் காலம் பிடித்தது. ஓடுபாதையில் அனுமதியின்றி நுழைவது என்றால் என்ன என்பதற்கு நாட்டுக்கு நாடு வேறு வேறு பொருள் இருந்தது. 2000களின் நடுவில்தான் ஐக்கிய நாடுகள் அவையின் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு ஒரே வரையறையைக் கொண்டுவந்தது. ஓடுபாதையின் பாதுகாக்கப்பட்ட பகுதியில் விமானமோ, வண்டியோ, மனிதரோ தவறாக இருந்தால் அது ஊடுருவல். விபத்து நடந்ததா இல்லையா என்பது பொருட்டில்லை. வண்டியும் மனிதரும் விமானத்தோடு ஒரே வரியில் இடம்பெற்றது முக்கியம். அதற்குப் பிறகு வண்டிகளின் தவறுகளும் எண்ணப்பட்டன, ஒப்பிடப்பட்டன.

கூடவே கருவிகளும் வந்தன. பெரிய விமான நிலையங்களில் தரையைப் பார்க்கும் ரேடார் வைத்தார்கள். வண்டிகளிலேயே இருப்பிடம் சொல்லும் கருவியைப் பொருத்தினார்கள். அது இருந்தால் கட்டுப்பாட்டாளரின் திரையில் ஜீப்பும் பெயரோடு தெரியும். ஓடுபாதைக்குள் நுழையும் இடத்தில் தரையில் சிவப்பு விளக்குக் கோடு. அது எரியும்போது யாரும் தாண்டக் கூடாது. சேவை வண்டிகளுக்கு மஞ்சள் நிறம், தீயணைப்பு வண்டிகளுக்குச் சிவப்பு அல்லது மஞ்சள் கலந்த பச்சை. உள்ளே வண்டி ஓட்டச் சாலை உரிமம் மட்டும் போதாது. தனிப் பயிற்சியும் தனி அனுமதிச் சீட்டும் வேண்டும். ஓடுபாதைக்குள் போகிறவர் ரேடியோவில் பேசவும் தெரிந்திருக்க வேண்டும். இவை எல்லாவற்றிலும் எனக்கு மேலானதாகத் தெரிவது, வண்டி ஓட்டுபவரும் விமானிகள் பேசும் அதே அலைவரிசையைக் கேட்கும் ஏற்பாடு. எல்லா நிலையங்களிலும் அது இல்லை. கோபுரத்தில் தரைக்கு ஓர் அலைவரிசை, வானுக்கு ஓர் அலைவரிசை என்று பிரித்து வைத்திருக்கும் இடங்களே அதிகம். ஆனால் அது இருக்கும் இடத்தில், 'இறங்க வருகிறோம்' என்று விமானி சொல்வது மூன்றாவது வாய் வழியாக வர வேண்டியதில்லை. நேராகக் காதில் விழும்.

ஆனாலும் சம்பவங்கள் நிற்கவில்லை. 2020 பிப்ரவரி 15 அன்று புனேயில் ஏர் இந்தியாவின் ஏ321 ஒன்று எழும்ப ஓடிக்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு ஜீப்பும் ஒரு மனிதரும் தெரிந்தார்கள். விமானிகள் வழக்கத்துக்கு முன்னதாகவே மூக்கை உயர்த்தி எழும்பிவிட்டார்கள். வால் தரையில் உரசியது. விமானம் டெல்லியில் பத்திரமாக இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை. கிரான்புரூக்கை அறிந்தவர்களுக்கு அந்தச் செய்தி சாதாரணமாகத் தெரிந்திருக்காது.

பெரு நாட்டின் தலைநகர் லிமாவில் நடந்ததைச் சொல்லி இந்தப் பகுதியை நிறுத்திக்கொள்கிறேன். விபத்து நடந்தால் தீயணைப்பு வண்டிகள் எவ்வளவு விரைவாகப் போய்ச் சேர வேண்டும் என்பதற்கு உலக விதி உண்டு: ஓடுபாதையின் எந்த இடத்துக்கும் மூன்று நிமிடத்துக்குள், முடிந்தால் இரண்டு நிமிடத்துக்குள். அதைச் சோதித்துப் பார்க்க நிலையங்கள் அவ்வப்போது ஒத்திகை நடத்தும். 2022 நவம்பர் 18 பிற்பகல் லிமாவில் அப்படி ஓர் ஒத்திகை. தீயணைப்பு வண்டிகள் நிலையத்திலிருந்து முழு வேகத்தில் கிளம்பின. அதே நேரம் ஹூலியாகாவுக்குப் போகும் லாட்டம் நிறுவனத்தின் ஏ320 நியோ, 102 பயணிகளோடும் 6 ஊழியர்களோடும் எழும்ப ஓடிக்கொண்டிருந்தது. வண்டிகள் ஓடுபாதைக்குள் நுழைந்தன. விமானம் அவற்றில் ஒன்றின் மீது மோதியது. வலது என்ஜின் பிய்ந்தது, வலப்பக்கச் சக்கரத் தொகுதி முறிந்தது, தீப்பிடித்தது. உள்ளே இருந்த 108 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். வண்டியில் இருந்த தீயணைப்பு வீரர்களில் இருவர் அங்கேயே இறந்தார்கள். மூன்றாமவர் பல மாதங்கள் கழித்து இறந்தார்.

ஒத்திகை நடக்கப்போவது கோபுரத்துக்கு முன்பே தெரியும். வண்டிகளில் இருந்தவர்கள் அந்த முன் தகவலையும் அன்று ரேடியோவில் நடந்த பேச்சையும் ஓடுபாதைக்குள் போகும் அனுமதியாக எடுத்துக்கொண்டார்கள். கோபுரம் அப்படி ஓர் அனுமதி கொடுத்ததாக நினைக்கவில்லை. விமான நிலைய நிர்வாகமும் கட்டுப்பாட்டு நிறுவனமும் சேர்ந்து உட்கார்ந்து அந்த ஒத்திகையைத் திட்டமிடவில்லை, வரையறுத்த சொற்களில் பேசிக்கொள்ளவில்லை என்று பெருவின் விசாரணைக் குழு கண்டது. டெனரிஃபுக்குப் பின் விமானிகளுக்காக ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்த அந்தச் சொற்களை, 45 ஆண்டுகள் கழித்தும், வண்டியில் இருந்தவர்களிடம் யாரும் வற்புறுத்திக் கேட்டிருக்கவில்லை.

(தொடரும்)

அடுத்த பகுதி: மிலான் லினாத்தே, 2001 – மூடுபனியில் வழி தவறிய சிறு விமானம்